காற்று வாங்கப் போன காற்று

மாலை வகுப்பில் அவளுக்கு டவுட்டு என்று பெயர். டீச்சர் ஒரு பாடத்தை முடித்துத் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை பாதிவரை எழும், இறங்கும், மறுபடி எழும். "டீச்சர், ஒரு டவுட்டு." பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவள் அவள். தேய்த்த வில்லையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்காத கை; வண்டி இன்ஜின் படிக்க வந்த இடத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை பார்த்துவிடுவாள். பார்த்தால் முன்பைவிடச் சந்தேகம் கூடியிருக்கும்.

கேள்வி கேட்பதில் சூரப்புலியாக இருந்தவள் பதில் சொல்லப்போய் மாட்டிக்கொண்டது டர்போ பாடத்தன்று. இன்டர்கூலர் எதைக் குளிர வைக்கும் என்று டீச்சர் கேட்டார். கூலர் என்ற சொல் காதில் விழுந்ததும் யோசிக்காமல், "தண்ணிய, டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. கண்ணாடிக் கடையில் வேலை என்பதால் கூலிங் கிளாஸைத் தவிர வேறு கூலர் தெரியாது போல என்று முன்வரிசை வெல்டர் எடுத்துக்கொடுத்தார். அதற்கும் ஒரு சுற்றுச் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஸ்டாண்டில் பூட்டியிருந்த இன்ஜினைப் பாரம் கொடுத்து ஓடவிட்டு அவளை முன்னால் வரச் சொன்னார். டர்போ என்பது இன்ஜினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டுகிற விசிறி. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே கதைதான். அமுக்கிய காற்று கொதித்துப்போய் வரும். கொதித்த காற்று பார்க்க உப்பலாக இருக்குமே தவிர உள்ளே சரக்கு இருக்காது. அதை அப்படியே ஊட்டினால் இன்ஜினுக்கு வயிறு நிறையும், தெம்பு வராது. அதற்காகத்தான் வழியில் ஒரு பெட்டி. மெல்லிய தகடுகளாக அடுக்கிய அந்தப் பெட்டிக்குள் சூடான காற்று நுழையும். வண்டி ஓடும்போது எதிரே வருகிற காற்று வெளியிலிருந்து அதன்மேல் வீசும். உள்ளே போனது ஆறி வெளியே வரும். வகுப்பில் எதிர்காற்றின் வேலையை ஒரு பெரிய மின்விசிறி பார்த்துக்கொண்டிருந்தது.

டீச்சர் அவள் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பெட்டிக்குள் போகும் குழாய்மேல் ஒரு சொட்டு விட்டாள். சுர்ரென்று காணாமல் போனது. பெட்டியிலிருந்து வெளியே வரும் குழாய்மேல் விட்டாள். சொட்டு அப்படியே உருண்டையாக உட்கார்ந்திருந்தது. தண்ணி இல்லை, காத்து என்று வீடு போய்ச் சேரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். வெல்டரின் கிண்டலும் கூடவே வந்தது.

வீட்டில் அக்கா சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மலை எப்படி இருந்தது என்பதைப் பாத்திரச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அக்கா ஓட்டுவது மருத்துவமனை வேன். மருத்துவமனை மலைமேல் இருக்கிறது. வேன் நிற்கும் ஷெட்டும் மேலாளரின் அறையும் கீழே டவுனில் இருக்கின்றன. சிறுநீரகம் பழுதாகி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவர்களைக் காலையில் மேலே கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் இறக்கிக்கொண்டு வர வேண்டும். மெஷின்களுக்கு முறை உண்டு. வேன் தாமதமானால் அடுத்த முறைக்காரர்களுக்காக இவர்களுடைய நேரத்தில்தான் கத்திரி விழும். அப்படிக் கத்திரி விழுந்த நாட்களில் திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசிக்கொள்வதில்லை என்பாள் அக்கா.

மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்து மூடிக்கிடந்தபோது அந்த வேனை டவுனுக்குள்ளேயே ஓட விட்டிருந்தார்கள். அக்கா வேலைக்குச் சேர்ந்தது அப்போதுதான். பாதை திறந்த சமயம் பழைய மலை டிரைவர் தோளில் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். எப்பேர்ப்பட்ட வளைவிலும் ஸ்டீயரிங்கை ஒரே கையால் வளைப்பவர் என்பதால் அவருக்கு ஒத்தக்கை என்று பெயர். தோள் போனதே அதனால்தான் என்று டாக்டர் சொன்னாராம், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியில் மலை அக்காவின் கைக்கு வந்தது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கொட்டாவி விடுவதற்கா கனரக லைசென்ஸ் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வேன் ஏறவில்லை. டவுனில் சொன்னபடி கேட்ட வண்டி, ஏற்றம் வந்ததும் மூச்சு வாங்கியது, கரும்புகை கக்கியது, நடந்து போகிறவர்களோடு போட்டி போட்டது. ஷெட் ஃபோர்மேன் காற்று ஃபில்டரை மாற்றினார், டீசல் பம்பைப் பார்த்தார், இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டினார், டர்போவிலிருந்து போகும் குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். சூடு காட்டும் முள்ளும் நடுவிலேயே நின்றது. வண்டியில் கோளாறு இல்லை என்றால் மிச்சம் இருப்பது யார்? டிரைவர்தான். ஒத்தக்கை தோள் தேறி வந்ததும் ஒருநாள் அவரையே ஏற்றிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கையிலும் வேன் அப்படியேதான் ஊர்ந்தது. இறங்கி வந்தவர், பாதிக் கிளட்ச்சில் மிதித்து மிதித்து வண்டியைக் கெடுத்து வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அது மேலாளருக்கு வசதியாகப் போயிற்று. திங்கட்கிழமை காலைக்குள் வண்டி ஒழுங்காக ஏறாவிட்டால் சாவியை ஒத்தக்கையிடம் கொடுத்துவிட்டு டவுன் ஓட்டத்துக்குத் திரும்பிவிடச் சொன்னார்.

இந்த விவரம் எல்லாம் சாப்பாட்டு வேளையில் வந்தது. மூவரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், சீட் கவர் தைப்பவர். கடையில் மிஞ்சும் ரெக்சின் துண்டுகள் வீணாவதை அவரால் பொறுக்க முடியாது. ரேடியோவுக்கு உறை, டார்ச் லைட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, முக்காலிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு அழுத்துப் பொத்தான் வைத்த உறை. அக்காவின் வேனுக்கும் சீட்டிலிருந்து ஸ்டீயரிங்வரை அவர் கைவேலைதான். மேலாளரே பார்த்துவிட்டு, வேன் என்றால் இப்படித் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும் என்று மெச்சியிருந்தார். மற்ற வேன்களுக்கும் தைத்துத் தரச் சொல்லியிருந்தார்.

"இந்த வீட்டுல உறை போடாதது என் வாய் ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

"அளவெடுத்தேன். டேப் பத்தல" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல்.

டவுட்டு வகுப்பில் நடந்ததைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் இங்கேயும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடும். தண்ணீரை மட்டுமல்ல, காற்றையும் குளிர வைக்கத் தனியாக ஒரு பெட்டி இருக்கிறது, முள் காட்டுவது தண்ணீரின் சூட்டைத்தான், காற்றின் சூட்டை அல்ல என்று மெதுவாக இழுத்தாள்.

மாமா கையைத் தட்டிலேயே நிறுத்தினார். "காத்தே போய்க் காத்து வாங்கணுமா?"

அக்கா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். டவுட்டுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் பிறகு யோசித்துப் பார்க்கையில், டீச்சர் அத்தனை நேரம் விளக்கியதை மாமா ஒரே வாயில் சொல்லிவிட்டார் என்று பட்டது. காற்று காற்று வாங்கத்தான் போகிறது. வாங்கிக்கொண்டு திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

கடைக்கு விடுமுறை விட்ட நாளில் அவளும் வேனில் ஏறிக்கொண்டாள். கடைசி சீட்டு. முன் சீட்டில் ஒரு பெரியவர் மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வாய்விட்டுச் சொல்வதால் வேனில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். அக்காவிடம் அவருக்குக் கோபம் கிடையாது. ஆனால் அவர் நேரம் சொல்லும்போதெல்லாம் அக்காவின் தோள்கள் மேலே ஏறுவதைப் பின்னாலிருந்து பார்க்க முடிந்தது.

டவுனைத் தாண்டும்வரை வேன் சமர்த்தாக ஓடியது. முதல் ஏற்றத்தில் குரல் மாறிற்று. இரண்டாவது வளைவில் அக்கா கியரைக் குறைத்தாள். இன்ஜின் அலறியது, வண்டி அசைந்து கொடுக்கவில்லை. பின்கண்ணாடியில் கரும்புகை. சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அதன் கிளீனர் கையை நீட்டி, தள்ளிவிடட்டுமா என்பதுபோல் ஜாடை காட்டினான். டவுட்டு எழுந்து முன்னால் போய் நின்று அக்காவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சும்மா கிளட்ச்சின் பக்கத்தில்கூட அந்தக் கால் போகவில்லை. தேவைப்பட்டபோது மட்டும் போய், மிதித்து, முழுதாக விலகி வந்தது. அதை இன்னொரு வளைவிலும் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். பிறகு அடுத்ததிலும்.

மேலே போய்ச் சேர்ந்தபோது கடிகாரம் நேரம் சொல்லவில்லை. போர்வையை மடித்துக்கொண்டு இறங்கினார். நர்ஸ் வாசலில் சக்கர நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கும் குறைத்துத்தான் போட முடியும் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

எல்லோரும் உள்ளே போனதும் இன்ஜின் ஆறுவதற்குள் மூடியைத் திறக்கச் சொன்னாள் டவுட்டு. அக்கா திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டர்போவிலிருந்து கிளம்பும் குழாயை டவுட்டு விரலால் காற்றில் கோடு போட்டபடி பின்தொடர்ந்தாள். அது ரேடியேட்டருக்குப் போகவில்லை. பக்கவாட்டில் இறங்கி, பம்பருக்குப் பின்னால் தாழ்வாக எங்கோ மறைந்து, மறுபக்கத்திலிருந்து ஏறி இன்ஜினுக்கு வந்தது. கையோடு கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து போகும் குழாயில் ஒரு சொட்டு விட்டாள். சுர். வரும் குழாயில் விட்டாள்.

சுர்.

தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடி விட்டாள். அதுவும் சுர். இந்தக் காற்று காற்று வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறது.

ஏன் என்றுதான் புரியவில்லை. வண்டியின் முன்னால் வந்து மண்டியிட்டுப் பார்த்தாள். மேலே கிரில், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். கீழே கறுப்புப் பம்பர், வழவழவென்று சுத்தமாக. வகுப்பில் பார்த்த படத்தில் அந்த இடத்தில் வாய் பிளந்த மாதிரி ஒரு திறப்பு இருந்தது. இந்த வண்டிக்கு இல்லை போலிருக்கிறது, வேறு மாடலாக இருக்கும் என்று நினைத்து எழுந்தாள். எழும்போது பிடிமானத்துக்காகப் பம்பரின் நடுவில் கை வைத்தாள்.

பம்பர் உள்ளே அமுங்கியது.

கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். மெத்தென்று இருந்தது. ஓரமாக விரலை விட்டுப் பார்த்தபோது பொடித் தையல், அதன் முனையில் அழுத்துப் பொத்தான். வீட்டில் காலையில் ரிமோட்டை எடுக்கும்போது கேட்கும் அதே டப் சத்தத்தோடு அது விடுபட்டது. வருஷக்கணக்கில் உறைகளுக்கு நடுவிலேயே குடியிருந்து அவளுடைய கண்ணுக்கு உறை என்பதே தெரியாமல் போயிருந்தது. சுவரின் நிறம் தெரியாமல் போவதில்லையா, அந்த மாதிரி.

"இத எப்பக்கா மாட்டின?"

மழைக்காலத்தில் என்றாள் அக்கா. டவுன் சேறெல்லாம் அந்த ஓட்டைக்குள் அடித்து, உள்ளே இருக்கும் தகடுகளில் அப்பிக்கொண்டு, ஈர்க்குச்சியால் நோண்டி நோண்டி விரல் நொந்துவிட்டதாம். மாமா வந்து அளவெடுத்து, பம்பர் நிறத்திலேயே ரெக்சின் தேடிப் பிடித்து, பம்பரோடு பிறந்த மாதிரி தைத்துக் கொடுத்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். விடுபட்டுத் தொங்கிய ரெக்சினுக்குப் பின்னால் தெரிந்த தகட்டு அடுக்கைப் பார்த்தாள்.

"அதுதானா அந்தப் பெட்டி?"

டவுட்டு தலையாட்டினாள். சமதரையில் டர்போவுக்கு வேலை குறைவு, அதனால் தெரியவில்லை. ஏற்றத்தில்தான் அது முழுமூச்சாக அமுக்கும், அப்போதுதான் இந்தப் பெட்டி தேவைப்படும் என்று சொன்னாள். சொன்ன கையோடு, தப்பாகவும் இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிச்சப் பொத்தான்களைத் தானே டப் டப்பென்று பிடுங்கினாள்.

நோயாளிகள் வெளியே வர நேரம் இருந்தது. காலி வண்டியைப் பாதி மலைவரை இறக்கித் திருப்பி மறுபடி ஏற்றினார்கள். காலி வண்டி என்பதால் சுலபமாக ஏறுகிறதோ என்று டவுட்டுக்கு உறுத்தல். வளைவு ஓரத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிச் சொட்டு விட்டாள். போகும் குழாயில் சுர். வரும் குழாயில் சொட்டு நின்றது. ஒருமுறை போதாது என்று மறுபடி இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னாள். அக்கா மறுவார்த்தை பேசாமல் செய்தாள். அப்போதும் நின்றது. மெல்ல நடுங்கிக்கொண்டு, வெயிலில் மினுங்கிக்கொண்டு, போகாமல் நின்றது. சகோதரிகள் இருவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

பிறகுதான் டவுட்டுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. கோளாறு கிடைத்துவிட்டது, கூடவே குற்றவாளியும் கிடைத்துவிட்டாள். வண்டியைக் கெடுத்தது டிரைவர் என்று ஒத்தக்கை சொன்னது ஒரு கணக்கில் சரியாகிவிடுகிறது. மேலாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ரெக்சினை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை வேன் தானாக ஏறும். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. இதை அவள் அக்காவிடம் சொல்லவும் செய்தாள். அக்கா ரெக்சினைப் பைக்குள் வைத்தாள். பார்க்கலாம், முதலில் வீட்டுக்குப் போவோம் என்றாள்.

மாமா தையல் மெஷினில் இருந்தார். காலடியில் கறுப்பு ரெக்சின் சுருள். மற்ற வேன்களுக்கான பம்பர் உறைகளில் ஒன்று பாதி தைத்தபடி ஊசியில் மாட்டியிருந்தது. அக்கா பையிலிருந்து பழைய உறையை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். மாமா முதலில் நம்பவில்லை. பிறகு டவுட்டைப் பார்த்தார். அவள் குழாய், பெட்டி, சொட்டு என்று கையால் படம் போட்டுக் காட்டினாள். மாமா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலில் ஒரு பிசிறு இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்ததோ என்னவோ.

"மூக்குக்குப் போய் உறை தைச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "அதுவும் எவ்வளவு கச்சிதமா."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற யோசனையை டவுட்டு மறுபடி எடுத்தாள். மாமாவுக்கும் அது பிடித்த மாதிரிதான் இருந்தது. மேலாளரிடம் கைநீட்டி வாங்கிய வேலை. அந்த மனுஷனே மெச்சிய உறை. அதைத் தப்பு என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். "ஏறலன்னப்ப என் கை மேல பழி போட்டாங்க. ஏறினா மட்டும் ஏன் ஏறுச்சுன்னு நான் சொல்ல வேணாமா? நான் சொல்லலன்னா மத்த வண்டிக்கும் இதைத்தான் மாட்டுவாங்க. நாளைக்கு இன்னொருத்தர் தலைல விடியும்."

மாமா ஊசியைத் தூக்கினார். பாதி தைத்த உறையை வெளியே இழுத்தார். கத்தரிக்கோலின் நுனியால் முதல் தையலைப் பிரித்தார். அந்த வேலையைச் செய்யும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மேலாளரின் அறைக்கு மூவருமாகப் போனார்கள். மாமா மட்டும் வாசலோடு நின்றுகொண்டார். மேசைமேல் ஓட்ட அட்டவணை விரித்திருந்தது. மலை என்று எழுதிய வரிக்கு நேராகப் பென்சிலால் ஒத்தக்கையின் பெயரைப் போட்டிருந்ததை டவுட்டு தலைகீழாகவே படித்துவிட்டாள். அக்கா உறையை மேசைமேல் வைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். மேலாளர் நடுவில் ஃபோர்மேனைக் கூப்பிட்டனுப்பினார். ஃபோர்மேன் கேட்டார், உறையைத் தூக்கிப் பார்த்தார், வெளியே ஷெட்டுக்குப் போய் வேன் முன்னால் குனிந்து நின்றுவிட்டு வந்தார்.

"பைப்பெல்லாம் நான்தான் பார்த்தேன் சார். ஒழுகல, கிழியல. பெட்டி வாய அடைச்சிருக்குன்னு தோணல. பம்பரோட வந்ததுன்னே நெனச்சேன்."

மேலாளருக்குத் தான் மெச்சியதும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் கண் உறைமேல் போய்ப் போய் மீண்டது. டவுட்டைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். தங்கை என்றாள் அக்கா. மாலை வகுப்பில் இன்ஜின் படிக்கிறாள். இதுதான் காரணம் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார் மேலாளர்.

பிறந்ததிலிருந்து எதையும் நிச்சயம் என்று சொல்லியிராதவளிடம் போய் இந்தக் கேள்வி. டவுட்டு விரல் விட்டு எண்ணினாள். "நிச்சயமான்னா தெரியல சார். உறையோட ஏத்திட்டுப் பார்த்தேன், சொட்டு நிக்கல. எடுத்துட்டு ஏத்திப் பார்த்தேன், நின்னுச்சு. மறுபடி ஏத்திப் பார்த்தேன், அப்பவும் நின்னுச்சு. ஆனா வண்டி காலி. ஆளோட ஏத்திப் பார்க்கல."

ஃபோர்மேன் லேசாகத் தலையசைத்தார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ தப்பு உங்க பேர்லதானே வருது?"

"ஆமா சார்" என்றாள் அக்கா. "மாட்டினது தப்பு. ஓட்டினது தப்பில்ல."

மேலாளர் உறையை மேசை ஓரமாக நகர்த்தி வைத்தார். திங்கட்கிழமை தானே கூட வருவதாகச் சொன்னார் மேலாளர். முழு ஆளோடு ஏற்ற வேண்டும். ஏறாவிட்டால் பேச்சே இல்லை என்றார். பென்சில் எழுத்தை அவர் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை டவுட்டு கண்ணாடிக் கடை முதலாளியிடம் பல்வலி என்று சொல்லி அரைநாள் வாங்கினாள். வேனில் ஒரு சீட்டு மிச்சமில்லை. அன்றைக்கென்று ஒரு நோயாளியோடு இரண்டு சொந்தக்காரர்கள், ஆளுக்கொரு மூட்டையோடு ஏறினார்கள். இன்றைக்குத்தானா இவ்வளவு பாரம் என்று டவுட்டு உள்ளுக்குள் நொந்துகொண்டாள். மேலாளர் கதவோரச் சீட்டில், கைப்பிடியை இப்போதே இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷெட் வாசலில் ஒத்தக்கை சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேறிவிட்ட தோள்தான், ஆனாலும் மற்றக் கையால் அதைத் தாங்கியிருந்தார்.

டவுன் முடிந்தது. முதல் ஏற்றம் வந்தது. அக்கா கியரைக் குறைத்தாள். டவுட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே காற்று போதவில்லை. இன்ஜினின் குரல் உயர்ந்தது. அலறல் இல்லை, பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டவன் விடும் அழுத்தமான குரல். வேன் முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் முன்னால் போயிற்று. டவுட்டு பின்கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். பாதை தெரிந்தது. மரங்கள் தெரிந்தன. புகை இல்லை. நம்பாமல் அடுத்த வளைவிலும் திரும்பிப் பார்த்தாள்.

எப்போதும் முக்கி முனகும் அந்தப் பெரிய வளைவில் முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அக்கா ஹாரன் அடித்து, வழி கிடைத்ததும் அதைத் தாண்டினாள். வேனுக்குள் யாரோ ஒருவர் மெல்லக் கைதட்டிவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். மேலாளர் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். அக்காவின் கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். இன்றுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை என்பது டவுட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் சொல்லக் கேட்டதை வைத்துத்தான் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

மருத்துவமனை வாசலில் நின்றபோது நர்ஸ் இன்னும் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்திருக்கவில்லை. கடிகாரம் மணியைப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், ஓடுகிறதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, மெஷின் இன்னும் தயாராகவில்லை, இவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்து உட்கார வைத்தால் மனுஷன் என்ன செய்வது என்று அக்காவிடம் சண்டை பிடித்தார். முழு நேரமும் கிடைக்கும் என்று நர்ஸ் சொல்லி அவரை அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது அவர் திரும்பி அக்காவைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

அக்கா இறங்கி வண்டியில் சாய்ந்து நின்றாள். அழுவாளோ என்று டவுட்டு பயந்தாள். அழவில்லை. குனிந்து பம்பரின் வாயில் சிக்கியிருந்த சருகை எடுத்துப் போட்டாள்.

மேலாளர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் போனில் பேசினார். மலைக்காற்றில் பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. ஃபோர்மேனிடம் மற்ற வேன்களின் முன்பக்கத்தை எல்லாம் திறந்து பார்க்கச் சொல்வது கேட்டது. அடுத்து ஒத்தக்கையிடம் பேசுகிறார் என்று குரலின் குழைவிலேயே தெரிந்தது. டவுன் ஓட்டமே இருக்கட்டும், தோள் முழுசாக ஆறட்டும், மலையை இந்த அம்மாவே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பேசி முடித்து வந்தவர், அக்காவிடம் அதை நேராகச் சொல்லவில்லை. தன்னை மட்டும் கீழே இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் போதும், நோயாளிகள் வெளியே வர நேரமிருக்கிறது என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல், நாளையிலிருந்து புறப்படும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் யோசனை கேட்டார். வேண்டாம் சார் என்றாள் அக்கா. சீக்கிரம் வந்து காத்திருப்பது அவர்களுக்கு நல்லது.

இறங்கும்போது வேனில் மூன்று பேர்தான். மேலாளர் முன் சீட்டில் உட்கார்ந்தார். முதல் வளைவில் கைப்பிடியைப் பிடித்தார், அடுத்ததில் விட்டார். ஷெட்டைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினார். டவுட்டு எட்டிப் பார்த்தாள். மேலாளர் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் ஆகாயமுமாக இருந்த பாதையில், நிம்மதியான தூக்கம்.

தங்கையிடம் ஜாடையாக அவரைக் காட்டினாள் அக்கா. அடுத்த வளைவு கூர்மையானது. தலை கண்ணாடியில் இடித்துவிடாதபடி வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வண்டியை மெத்தையாகத் திருப்பினாள்.